அறிவும் அன்பும்: ஆதித் திருச்சபைப் பிதாக்கள் என்ன சொன்னார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான். பிதாக்கள், அதாவது திருச்சபையின் ஆரம்ப நூற்றாண்டுகளில் போதித்து எழுதிய ஆசிரியர்கள், சொன்னவற்றை என் வார்த்தைகளில் சுருக்கித் தருகிறேன்.

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்று பவுலே சொல்லிவிட்டாரே. அப்புறம் இறையியல் எதற்கு?

இந்த வசனத்தை நான் முதலில் கேட்டது ஒரு கேள்விக்குப் பதிலாக. சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் திரித்துவத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். வசனத்தைச் சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன், ஆனால் சந்தேகம் போகவில்லை. அந்த அதிகாரம் முழுவதையும் நிதானமாகப் படித்தது பல வருடங்கள் கழித்துத்தான். பவுல் அங்கே யாருடைய கேள்வியையும் அடக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

1 கொரிந்தியர் 8-இன் பின்னணி இறைச்சி. கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். கோயில்களில் பலியிட்ட மிருகங்களின் இறைச்சி விருந்துகளிலும் பரிமாறப்படும், கடைக்கும் வரும். சபையில் சிலர், "விக்கிரகம் என்று ஒன்று கிடையாது, ஒரே தேவன்தான், அதனால் எதையும் சாப்பிடலாம்" என்றார்கள். பவுல் இதை மறுக்கவே இல்லை. அவர்களுடைய அறிவு சரியான அறிவுதான். ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகங்களைக் கும்பிட்டு வந்த ஒரு புதிய விசுவாசி, இவர்கள் கோயில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துத் தடுமாறுகிறான். பவுலுக்கு அதுதான் வலிக்கிறது: "பலவீனமுள்ள உன் சகோதரன் உன் அறிவினிமித்தம் கெட்டுப்போகலாமா? அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே."

ஆக, அங்கே குற்றம் சாட்டப்படுவது அதிகமாகத் தெரிந்துகொள்வதல்ல. தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவனை மறந்துவிட்டுப் பயன்படுத்துவதுதான். தமிழில் மறைந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். "அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று படிக்கும்போது ஏதோ ஜெபக்கூட்டத்துச் சொல்லாகத் தோன்றும். கிரேக்கத்தில் அது வீடு கட்டுகிறவர்களின் சொல். அறிவு ஊதிப் பெருக்க வைக்கும், அன்பு கட்டி எழுப்பும் என்பதுதான் அந்த வாக்கியம். ஊதினாலும் பெரிதாகும், கட்டினாலும் பெரிதாகும். கட்டியதில் மட்டும் இன்னொருவர் வந்து தங்கலாம்.

அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, அவர்களுடைய அன்பு "அறிவிலும் எல்லா உணர்விலும்" இன்னும் பெருக வேண்டும் என்று ஜெபிக்கிறார். அறிவின் எதிரி இப்படி ஜெபிப்பாரா?

அதே அதிகாரத்தின் 3-ஆம் வசனத்தில் பவுல் "தேவனால் அறியப்பட்டிருக்கிறான்" என்று ஏன் திருப்பிச் சொல்கிறார்?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம். "தேவனில் அன்புகூருகிறவனெவனோ" என்று தொடங்கினால், "அவன் தேவனை அறிந்திருக்கிறான்" என்று முடியும் என எதிர்பார்ப்போம். பவுல் "தேவனால் அறியப்பட்டிருக்கிறான்" என்று முடிக்கிறார். கலாத்தியர் 4:9-இல் இன்னும் வெளிப்படையாக, "நீங்கள் தேவனை அறிந்திருக்க" என்று சொல்லிக்கொண்டே போய், "அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க" என்று தன் வாக்கியத்தைத் தானே திருத்துகிறார். 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்திலும் அதுதான்: "அப்பொழுது நான் அறியப்பட்டிருக்கிறபடியே அறிந்துகொள்ளுவேன்."

நாம் கடவுளைத் தேடிக் கண்டுபிடிக்கும் முன்பே அவர் நம்மைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்பதுதான் பவுலின் தொடக்கப்புள்ளி. தன்னை ஒருவர் முழுக்கத் தெரிந்துகொண்டு, அப்படியே நேசிக்கிறார் என்று உணர்ந்தவனுக்குத் தன் அறிவைக் காட்டி மார்தட்ட மனம் வராது.

வேதாகமத்தில் 'அறிவது' என்றால் தகவல் தெரிந்துகொள்வது மட்டும்தானா?

இல்லை. "ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்" என்று ஆதியாகமம் 4:1 சொல்கிறது. அங்கே எபிரெயத்தில் இருக்கும் 'யாதா' என்ற வினை, நெருங்கி ஒன்றாவதையும் குறிக்கும். மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன் யோவான் சுவிசேஷத்துக்கு உரை எழுதும்போது இந்த வசனத்தையே எடுத்துக்கொண்டு, ஒன்றை அறிவது என்றால் அதனோடு கலப்பது என்று விளக்குகிறார். "அன்பில்லாதவன் தேவனை அறியான்" என்று 1 யோவான் 4:8 அடித்துச் சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

ஞானவாதிகள் அறிவைப் பிடித்துக்கொண்டார்கள், திருச்சபை அன்பைப் பிடித்துக்கொண்டது. இப்படிச் சுருக்கலாமா?

பல புத்தகங்கள் அப்படித்தான் சுருக்குகின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இரண்டு பக்கமும்.

ஞானவாதிகள் பக்கம் முதலில். மறைவான ஓர் அறிவால்தான் மீட்பு என்று போதித்த ஆதிக்காலக் குழுக்கள் இவர்கள். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே பழைய சுவடிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பிலிப்புவின் சுவிசேஷம் என்று அழைக்கப்படும் நூல். இரண்டாம் நூற்றாண்டு ஆசிரியர் வாலண்டினுஸின் மரபோடு சேர்த்துப் பேசப்படுவது. அதில் பவுலின் இதே வசனம் வருகிறது. அறிவால் விடுதலையானவன், இன்னும் விடுதலை அடையாதவர்கள்மேல் உள்ள அன்பினால் அவர்களுக்கு அடிமையாகிறான் என்று அந்த நூல் சொல்கிறது. விசுவாசம் நிலம், நம்பிக்கை நீர், அன்பு காற்று, அறிவு வெளிச்சம், இவற்றால்தான் பயிர் விளைகிறது என்றும் ஓர் உவமை உண்டு. இவர்களுக்கு அன்பே தெரியாது என்று நாம் சொல்ல முடியாது.

அடுத்து ஐரேனியஸ். சின்ன ஆசியாவின் சிமிர்னாவில் சிறுவனாக அந்நகர ஆயர் பாலிகார்ப்பின் போதனையைக் கேட்டவர், பிறகு இன்றைய பிரான்சிலுள்ள லியோனில் ஆயரானவர். ஏறத்தாழ 180-இல் ஞானவாதிகளுக்கு எதிராக ஐந்து பாகங்கள் எழுதினார். அவர் எதிர்த்தது ஞானத்தையல்ல. 'பொய்யாக ஞானம் என்று பேர்பெற்றதை' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்தச் சொற்கள் 1 தீமோத்தேயு 6:20-இலிருந்து வந்தவை. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சிக்கல் உண்டு. தீமோத்தேயுவில் "ஞானம்" என்றும் கொரிந்தியரில் "அறிவு" என்றும் நாம் படிப்பது இரண்டும் ஒரே கிரேக்கச் சொல், 'க்னோசிஸ்'. அதனால் இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை.

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்பதற்கு ஐரேனியஸ் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கடவுளைப் பற்றிய உண்மையான அறிவைப் பவுல் குறைசொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் முதலில் தன்னையே குற்றவாளியாக்கியிருப்பார் என்கிறார். அதிகம் படிக்காதவராக இருந்து அன்பினால் கடவுளை நெருங்குவது, எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவரையே தூஷிப்பதைவிட மேல் என்றும் சொல்கிறார். தலைமயிர்கள் எண்ணப்பட்டிருக்கின்றன என்று ஆண்டவர் சொன்னார் என்பதற்காக, ஒவ்வொருவர் தலையிலும் எத்தனை மயிர் என்று எண்ணக் கிளம்புகிற ஆளையும் உதாரணம் காட்டுகிறார். நான்காம் பாகத்தில் இன்னும் ஆழமான ஒன்று: கடவுளின் மகத்துவத்தை அளந்து அவரை அறிய யாராலும் முடியாது, அவருடைய அன்பின் வழியாக அறியலாம்.

விசுவாசம், அறிவு, அன்பு: இவற்றில் எது முதல், எது கடைசி?

அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் (ஏறத்தாழ 150–215) ஒரு வரிசை தருகிறார். விசுவாசத்தோடு அறிவு கூட்டப்படும், அறிவோடு அன்பு, அன்போடு சுதந்தரம், அதாவது பரலோக உரிமை. ஞானவாதிகளுக்குப் பயந்து 'ஞானி' என்ற பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதிர்ந்த கிறிஸ்தவன்தான் உண்மையான ஞானி என்று அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் எழுதிய ஒரு பகுதி வகுப்பில் எப்போதும் விவாதத்தைக் கிளப்பும். கடவுளை அறிவது ஒரு பக்கம், நித்திய மீட்பு மறுபக்கம் என்று வைத்து, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் ஞானி எதை எடுப்பான்? இரண்டும் பிரிக்க முடியாதவை, ஒரு பேச்சுக்குத்தான் பிரிக்கிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார். தயங்காமல் கடவுளை அறிவதையே எடுப்பான் என்பது அவருடைய பதில். முதல் வாசிப்பில் இது படிப்பாளியின் பேச்சாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. 'எனக்கு என்ன கிடைக்கும்' என்ற எண்ணமே இல்லாமல் ஒருவரை அறிய விரும்புவதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? கிளமெண்ட் அறிவு என்ற சொல்லால் பேசுவது அன்பைத்தான். அதே சமயம், எந்த உணர்ச்சியும் அசைக்காதவனாக அவர் வரையும் ஞானி எனக்குக் கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரிகிறான். லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்ட ஆண்டவரை அவனிடம் நான் பார்ப்பதில்லை.

'அகாப்பே' தெய்வீக அன்பு, 'ஏரோஸ்' சரீர ஆசை. பிரசங்கங்களில் கேட்கும் இந்தப் பிரிவு சரியா?

பாதி சரி. புதிய ஏற்பாடு 'ஏரோஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை, அது உண்மை. ஆனால் 'அகாப்பே' என்பது பரலோகத்திலிருந்து இறங்கிய தனிச்சொல் அல்ல. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், அம்னோன் தாமார்மேல் கொண்ட கொடிய மோகத்துக்கும் (2 சாமுவேல் 13) இதே சொல்தான் வருகிறது.

ஓரிகன் உன்னதப்பாட்டு உரையின் முன்னுரையில், யோவான் கடவுளை அகாப்பே என்று அழைத்ததுபோல ஏரோஸ் என்று அழைத்தாலும் குற்றமில்லை என்கிறார். துணைக்கு இக்னேஷியஸை அழைக்கிறார். ரோமாபுரிக்கு மரண தண்டனைக்காகக் கொண்டுசெல்லப்படும் வழியில், "என் ஏரோஸ் சிலுவையில் அறையப்பட்டது" என்று எழுதிய ஆயர் அவர். தன் உலக ஆசை செத்துவிட்டது என்றுதான் இக்னேஷியஸ் சொன்னார் என்று இன்று பலர் படிக்கிறார்கள். ஓரிகன் அதைக் கிறிஸ்துவையே குறிப்பதாக எடுத்துக்கொண்டார். எப்படியானாலும், தேடல், தாகம், ஏக்கம் எல்லாம் கடவுள்மேல் வைக்கும் அன்புக்குள் உண்டு என்று பிதாக்கள் நம்பினார்கள். அந்தத் தாகம் இல்லையென்றால் யாரும் எதையும் அறியக் கிளம்பவே மாட்டார்கள்.

தெரியாத ஒருவரை எப்படி நேசிக்க முடியும்? கடவுளை நான் பார்த்ததே இல்லையே.

இதே கேள்வியை அகஸ்டின் (354–430) விடாமல் துரத்தியிருக்கிறார். திரித்துவத்தைப் பற்றி ஏறத்தாழ 20 ஆண்டுகளாக எழுதிய 15 பாக நூலில் இது பல இடங்களில் தலைகாட்டுகிறது. முழுக்கத் தெரியாத ஒன்றை யாராலும் நேசிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டே அவர் தொடங்குகிறார். அப்படியானால் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோமே, அது எப்படி?

ஓர் உதாரணம் சொல்கிறார். 'தெமேதும்' என்று ஒரு சொல் யாரோ ஒருவர் காதில் விழுகிறது. மதுவைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல், அவர் காலத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. கேட்டவருக்குப் பொருள் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள மனம் துடிக்கிறது. அவர் நேசிப்பது எதை? பொருள் தெரியாததால் அந்தப் பொருளையல்ல. ஆனால் அது வெறும் சத்தமல்ல, ஏதோ ஒன்றைக் குறிக்கும் சொல் என்பது தெரியும். சொற்களின் வழியே மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது எவ்வளவு அழகானது என்பதும் தெரியும். தெரிந்த அந்த அழகின்மேல் உள்ள அன்புதான் தெரியாததை நோக்கித் தள்ளுகிறது. முற்றிலும் தெரியாததை யாரும் தேடுவதில்லை, முற்றிலும் தெரிந்ததைத் தேடவேண்டிய அவசியமும் இல்லை. நாம் எல்லாரும் நடுவில் நிற்கிறோம்.

சரி, கடவுள் விஷயத்தில்? எட்டாம் பாகத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். எதை நேசிப்பது என்று தெரியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உன் சகோதரனை நேசி. நேசிக்கும்போது அந்த அன்பையே நேசிப்பாய். நீ நேசிக்கிற சகோதரனைவிட, அவனை நேசிக்கிற அந்த அன்பு உனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது உனக்குள்ளேயே இருக்கிறது. கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்றால், ஏற்கெனவே நீ அவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாய்.

நான் பல வருடம் கடவுளை வானத்தைப் பார்த்துத் தேடியவன். இந்தப் பகுதியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அறிவு ஒருநாள் ஒழிந்துபோகும், அன்பு ஒழியாது என்கிறதே 1 கொரிந்தியர் 13. அப்படியானால் பரலோகத்தில் அறிவே இருக்காதா?

இதற்கு நான் படித்ததில் மிக அழகான பதில் ஒரு மரணப்படுக்கையின் அருகே சொல்லப்படுகிறது.

379-ஆம் ஆண்டு. கப்பதோக்கியாவைச் சேர்ந்த நிசாவின் கிரிகோரி, அண்ணன் பேசில் இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரினாவைப் பார்க்கப் போகிறார். போய்ப் பார்த்தால் அக்காவும் சாகும் தறுவாயில் இருக்கிறாள். அந்தச் சந்திப்பை வைத்து, ஆத்துமாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றி ஓர் உரையாடல் நூலைப் பிறகு எழுதினார். அதில் கேள்வி கேட்கிறவர், தடுமாறுகிறவர் ஆயரான தம்பி. பதில் சொல்கிறவள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் அக்கா. நூல் முழுவதும் அவளை 'ஆசிரியை' என்றே குறிப்பிடுகிறார்.

ஆசை இருப்பது இல்லாத ஒன்றுக்காக, நம்பிக்கை இருப்பது இன்னும் வராத ஒன்றுக்காக என்று மக்ரினா விளக்குகிறாள். தேடிய நன்மையே கைக்கு வந்துவிட்டால் இரண்டுக்கும் வேலையில்லை. அன்புக்கு மட்டும் அப்போதும் வேலை இருக்கும். கடவுள் தம்மை அறிகிறார், அறியப்படுவது இயல்பிலேயே அழகாக இருக்கிறது, அழகானதை அறிந்தால் நேசிக்காமல் இருக்க முடியாது. ஆகவே அங்கே அறிவு அன்பாகிறது. கிரேக்கத்தில் மிகச் சில சொற்கள்தான் அந்த வாக்கியம். அறிவு அழிவதில்லை, கனிந்து அன்பாகிவிடுகிறது. பூ காயாகும்போது பூ எங்கே போனது என்று நாம் அழுவதில்லையே.

அந்த அழகுக்கு எல்லை இல்லாததால் அன்புக்கும் எல்லை இல்லை என்கிறார்கள் இருவரும். இதன் மறுபக்கத்தைக் கிரிகோரி மோசேயின் வாழ்க்கையைப் பற்றிய நூலில் எழுதினார். மோசே முதலில் முட்செடியில் வெளிச்சத்தைப் பார்க்கிறார், பிறகு மேகத்தைப் பார்க்கிறார், கடைசியில் காரிருளுக்குள் போகிறார். மேலே போகப்போக ஏன் இருட்ட வேண்டும்? கடவுள் நம் அறிவின் பிடிக்குள் அடங்காதவர் என்று காண்பதே அங்கே காட்சி. அந்தக் காலத்தில் யூனோமியுஸ் என்பவர், 'பிறப்பிக்கப்படாதவர்' என்ற ஒரு சொல்லால் கடவுளின் இயல்பையே சொல்லிவிடலாம் என்று வாதிட்டுவந்தார். கிரிகோரிக்கு அது பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. வரையறுத்து முடித்துவிட்ட ஒருவரிடம் மேற்கொண்டு நெருங்க ஒன்றும் இல்லை. மனிதரிடத்திலும் அப்படித்தான், 'உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லும் உறவில் பெரும்பாலும் கேட்பது நின்றுபோயிருக்கும்.

துறவிகள் இதை எப்படி நடைமுறைப்படுத்தினார்கள்?

எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாக்ரியஸ், அன்பைக் கதவு என்கிறார். கோபம், பேராசை, வீண்பெருமை முதலியவற்றோடு போராடி மனம் அமைதி அடைகிறது. அந்த அமைதியின் பிள்ளை அன்பு. அந்தக் கதவு வழியாகத்தான் படைப்பைச் சரியாக அறியவும், பிறகு கடவுளை அறியவும் உள்ளே போகலாம். கிளமெண்டின் வரிசையில் அறிவுக்குப் பின் அன்பு வந்தது, இங்கே அன்புக்குப் பின் அறிவு. முரண்பாடா? நடந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கோபத்தோடு இருக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுவதில்லை, கோபம் தணிந்த பிறகுதான் அவர் யார் என்றே தெரிகிறது. அப்படித் தெரிந்துகொண்டது மறுபடியும் அன்பைக் கூட்டுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் அன்பைப் பற்றி எழுதிய 400 சிறு பத்திகளில் இந்த இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. கடவுளை அறிவதைவிட வேறு எதையும் மேலாக எண்ணாத மனநிலையே அன்பு என்பது முதல் பத்தி. நெருப்பை நினைப்பதால் உடம்புக்குச் சூடு வராது, அன்பில்லாத விசுவாசத்தாலும் ஆத்துமாவில் அறிவின் வெளிச்சம் எரியாது என்பது இன்னொன்று. கடவுளை நேசிக்கிறவன் அயலானையும் நேசிப்பான், அப்படிப்பட்டவனால் பணத்தைச் சேர்த்துப் பூட்டிவைக்க முடியாது என்று திடீரென்று பணப்பெட்டியில் கைவைக்கிறார். கிறிஸ்துவுக்கு மனித சித்தமும் உண்டு என்ற போதனையை விடமறுத்ததால் 662-இல் அவருடைய நாவும் வலது கையும் வெட்டப்பட்டு நாடுகடத்தப்பட்டார், அதே ஆண்டு இறந்தார். இறையியலின் நுணுக்கமான ஒரு வாக்கியத்துக்காக ஒருவர் இவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது, 'அன்பு இருந்தால் போதும், உபதேசம் எதற்கு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குக் கடவுளைத் தெரியாது என்று ஆகிவிடுமா?

ஆகாது. காகிதமும் மையும் இல்லாமல், ஆவியானவரால் இருதயத்தில் எழுதப்பட்ட மீட்பை உடைய மக்களைப் பற்றி ஐரேனியஸ் மரியாதையோடு எழுதியிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், பெரிய கிரிகோரி என்று அழைக்கப்படும் ரோம ஆயர் ஒரு பிரசங்கத்தில், அன்புதானே அறிவு என்றார்: பரலோக காரியங்களைக் கேட்டு நேசிக்கும்போதே அவற்றை அறிந்துகொண்டுவிட்டோம். உங்கள் அம்மா ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இவர்களைப் படிக்க எங்கே தொடங்குவது?

முதலில் 1 யோவான் நிருபத்தை ஒரே அமர்வில் படியுங்கள், ஐந்தே அதிகாரம். அதற்குப் பிறகு மாக்சிமுஸின் அன்பைப் பற்றிய பத்திகள், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மக்ரினாவின் உரையாடல் அடுத்து வரலாம்; நடுவில் ஆத்துமாவின் இயல்பைப் பற்றி நீண்ட வாதங்கள் வரும், பொறுமையாகத் தாண்டுங்கள். அகஸ்டினின் திரித்துவ நூலை முதல் பாகத்திலிருந்து தொடங்கினால் பலர் நான்காம் பாகத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். எட்டாம் பாகத்தைத் திறந்து படித்துவிட்டு, பிறகு முன்னால் போங்கள்.